நாலாம் துளையில் யாரும் ஊற்றாத தண்ணீர்

பென்ஷனுக்கான ஆயுள் சான்றிதழ் கொடுப்பதற்காகப் போன மாதம் நம் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். நான் உயிரோடு இருப்பதை வருடா வருடம் நேரில் வந்து நிரூபிக்க வேண்டுமாம். நிரூபித்துவிட்டு, பழைய பழக்கத்தில் களப் பிரிவுக்குள் எட்டிப் பார்த்தேன். உங்களில் ஒரு பெண், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், துளை போட்ட இடத்திலிருந்து வந்த லாக் ஷீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஆழம், மண் வகை, சுத்தியல் அடி, தண்ணீர் மட்டம் எல்லாம் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தது. 'ஊற்றிய தண்ணீர்' என்ற கட்டத்தில் மட்டும் ஒரு கோடு. புரட்டினேன். அடுத்த தாளிலும் கோடு. அதற்கடுத்ததிலும்.

"இது ஏம்மா காலியா இருக்கு?" என்று கேட்டேன்.

"அது யூஸ் இல்ல மேடம். புரானா ஃபார்ம், பழசு. எல்லாரும் டேஷ் போட்டுடுவாங்க."

எனக்கு வந்த கோபத்தை அங்கே காட்டவில்லை. வயதான பிறகு ஒருவர் அலுவலகத்துக்கு வந்து சத்தம் போட்டால் தண்ணீர் கொடுத்து ஆட்டோ பிடித்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் இரண்டு வருடமாக நம் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு நச்சரிக்கிறீர்களே, அது இதுதான். சாதனைகளை எழுதச் சொன்னீர்கள். நான் என் தவறு ஒன்றை எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுவேன் என்றும் அடம்பிடித்துவிட்டேன், ஏனென்றால் இதில் நடந்த முக்கியமான பேச்செல்லாம் தமிழில் நடந்தது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

எழுபதுகளின் கடைசி. ஜனவரிக் குளிர். டெல்லியின் தெற்கே முனிர்காவைத் தாண்டிக் கிடந்த ஒரு வெற்று நிலத்தில் அரசுக் குடியிருப்பு வரவிருந்தது, நாலு மாடி. கட்டுவதற்கு முன்னால் ஐந்து இடங்களில் துளை போட்டு, கீழே என்ன மண், எவ்வளவு இறுக்கம், தண்ணீர் எந்த ஆழத்தில் என்று சொல்ல வேண்டியது எங்கள் வேலை. அந்தக் களத்துக்கு நான் பொறுப்பு. எங்கள் பிரிவிலிருந்து களத்துக்குப் போன முதல் பெண் நான்தான். சும்மா அனுப்பவில்லை. ஒன்றரை வருடம் மண் புட்டிகளுக்கு லேபிள் ஒட்ட வைத்தார்கள். மாதம் ஒரு மனு போட்டு, மேலதிகாரி அறை வாசலில் நின்று நின்று வாங்கிய களம் அது.

மூன்று கால் இரும்புச் சட்டத்தை, நாங்கள் முக்காலி என்போம், துளை போடும் இடத்துக்கு மேலே நிறுத்துவோம். அதிலிருந்து கயிற்றில் எடை தொங்கும். அந்த எடையைத் தூக்கித் தூக்கிப் போட்டு ஒரு குழாயை மண்ணுக்குள் அடிப்போம். குழாய் குறிப்பிட்ட ஆழம் இறங்க எத்தனை சுத்தியல் அடி பிடிக்கிறது என்பதுதான் மண்ணின் பலம். இருபது அடி என்றால் நல்ல மண். நாலு அடியில் இறங்கினால் அங்கே வீடு கட்டுவதற்கு முன்னால் நிறைய யோசிக்க வேண்டும்.

மேல்மண் காய்ந்து கிடந்ததால் துளைக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் இறக்க முடியும். டேங்கரிலிருந்து தகர டின்னில் பிடித்துத் தலையில் சுமந்து வந்து ஊற்றுவது பச்சையம்மாவின் வேலை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண். என் வயதுதான் இருக்கும். பக்கத்திலேயே குடிசை போட்டிருந்த நம் ஊர்க் கூலிக்காரர்களில் ஒருத்தி. அவள் கணவர் ஏழுமலை அஸ்திவாரப் பள்ளம் வெட்டும் கூட்டத்துக்குத் தலைவர். துளை வேலை முடிந்ததும் அதே நிலத்தில் பள்ளம் வெட்டப் போவது அந்தக் கூட்டம்தான்.

முதல் மூன்று துளையிலும் மண் இரும்பு. பத்து மீட்டர் வரை தண்ணீர் தட்டுப்படவில்லை. நாலாவது துளையில், மூன்று மீட்டர் ஆழத்தில், குழாய் நாலே அடியில் இறங்கிவிட்டது. அப்போது நான் முக்காலி பக்கத்தில் இல்லை.

எங்கே போயிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் களத்தில் கழிப்பறை கிடையாது. ஆண்களுக்கு நிலம் முழுக்கக் கழிப்பறை. எனக்கு முனிர்காவில் என் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் தங்கிப் படித்த ஒரு வாடகை அறை, அதற்கு அவர்கள் கொடுத்த ஒரு சாவி. போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்ப்பேன். டெல்லிக் குளிரில் அதுவும் உதவாது.

மறுநாள் காலை லாக் ஷீட்டுகளை அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் ஜீப் வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நாலாம் துளையின் லாக் ஷீட்டை, துளை போடும் ஆட்களின் மிஸ்திரி பல்பீர் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். துளையில் இரண்டு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் நிற்பதாகச் சொன்னார்.

"தண்ணீர் ஊற்றியதில் அடிமண் கலங்கிவிட்டது, மேடம்ஜி. அதனால்தான் நாலு அடியில் இறங்கியது. நிற்கிறதும் நாம் ஊற்றிய தண்ணீர்தான்" என்றார் இந்தியில்.

இரண்டும் நடக்கக்கூடியதுதான். இரண்டையும் நானே வேறு துளைகளில் பார்த்திருக்கிறேன். பல்பீர் பொய் சொல்கிறவரும் இல்லை. ஜீப்பின் பானெட் மேல் தாளை வைத்து, அடி எண்ணிக்கைக்கு எதிரே 'கலங்கிய மண், கணக்கில் கொள்ள வேண்டாம்' என்றும், தண்ணீருக்கு எதிரே 'நிலத்தடி நீர் இல்லை' என்றும் மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துளையைப் போய்ப் பார்க்கவில்லை. முக்காலி அங்கிருந்து முப்பது தப்படி தூரம்.

இதை மறந்துவிடாதீர்கள். ஒரு துளையில் ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை, அதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள் என்றால் கேட்டுக்கொள்ளலாம். ஒரே துளையில் இரண்டு ஒத்துவரவில்லை, இரண்டுக்கும் இரண்டு நல்ல காரணம் இருக்கிறது என்றால் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். மண் புட்டிகளுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தேன். பச்சையம்மா டின்னைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் எதிரே வந்து நின்றாள்.

"அம்மா, ஒன்னு கேக்கலாங்களா? காலையில ஜீப்புல போச்சே காயிதம், அதுல நாலாங் குழில நிக்கிறது நான் ஊத்துன தண்ணின்னா எழுதிட்டீங்க?"

"ஆமா. ஏன்?"

"நேத்து சாயங்காலம் மிஸ்திரி அத்தினியும் எறைச்சுட்டாருங்க. குழி காலி. நான் பாத்தேன். அதுக்கப்புறம் ஒரு டின்னு ஊத்தலீங்க. காலையில டேங்கரே வர்ல, எங்கேர்ந்து ஊத்த?" கவிழ்த்து வைத்த டின்னைக் காட்டினாள். "ஊத்துறவ நான். நான் ஊத்தாத தண்ணி எப்படிங்க வந்துச்சு?"

மெழுகைக் கீழே வைத்தேன்.

"இத ஏன் காலையிலயே சொல்லல?"

"நீங்க குழிப் பக்கமே வரலீங்களே. மிஸ்திரிகிட்ட சொன்னேன், போய் டின்னத் தூக்குன்னாரு." குடிசைகள் பக்கம் கையைக் காட்டி, "எங்க ஆளுங்கதாம்மா பள்ளத்துல எறங்கப் போறாங்க" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. மண் இறுக்கம் என்று காகிதம் சொன்னால் பள்ளத்தை நேர்ச்சுவராக வெட்டலாம், பலகை கொடுத்துத் தாங்க வேண்டாம். மண் தளர்ச்சி, தண்ணீர் இருக்கிறது என்றால் சரிவாக வெட்ட வேண்டும், பலகை அடிக்க வேண்டும். என் கையெழுத்தை நம்பி மூன்று மீட்டர் நேர்ச்சுவருக்குக் கீழே குனிந்து வெட்டப்போகிறவர் அவள் கணவர்.

அப்போதே பல்பீரைக் கூப்பிட்டுத் துளையை மறுபடி இறைக்கச் சொன்னேன். அடி தெரியும் வரை இறைத்தார். வாயைச் சாக்கால் மூடிக் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து, அரக்கு ஆறுவதற்குள் என் மோதிரத்தை அழுத்தினேன். மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் பிரித்தேன். தண்ணீர் அதே இரண்டு மீட்டரில் நின்றது. அதில் ஒரு நாற்றமும் இருந்தது. பக்கத்திலேயே இன்னொரு சிறு துளை கையால் போட்டு மண் எடுத்தோம். கறுத்த சேறு, ஓட்டுச் சில்லு, ஒரு தோல் செருப்பின் வார். நாலு மீட்டர் ஆழத்தில் இயற்கை செருப்பு தைத்து வைப்பதில்லை. கிராமத்து எருமைகள் குளித்த பழைய குளம் அது. யாரோ எப்போதோ குப்பையையும் மண்ணையும் கொட்டி மூடிவிட்டார்கள்.

பல்பீர் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஊற்றியதை மண் குடித்து, ராத்திரியில் திரும்பக் கசிந்துவிட்டது என்று நினைத்தாராம். அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இருக்கவில்லை.

எங்கள் அதிகாரியும் தமிழர்தான், தஞ்சாவூர்க்காரர். கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம், ஆனால் அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் களம் கொடுத்ததே அவர்தான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். செருப்பு வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலு துளையை வெச்சே ரிப்போர்ட் மேல போயிடுத்தும்மா. பதினைஞ்சு நாள்ல அடிக்கல் விழா. இப்ப போய்க் குளம்னா, யார் கேக்கறா?"

"மண்ணு நம்ம ரிப்போர்ட்டக் கேக்காது சார்."

"இதோ பார், நாலாம் நம்பரை ரெண்டு மீட்டர் தள்ளிப் போடு. இல்லே, பத்து மீட்டர் தள்ளிப் போடு. நல்ல மண்ணு வரும். அதையே நாலுன்னு வெச்சுண்டா ஆச்சு."

"குளத்தை எங்க சார் தள்ளி வைக்கிறது?"

அவருக்குக் கோபம் வந்தது. "அப்ப நீ கையெழுத்துப் போட்டப்போ கண்ணை மூடிண்டா இருந்தே?"

"ஆமா சார். அதைத்தான் எழுதிக் குடுக்கப் போறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தி, நிஜமான அக்கறையோடுதான் சொன்னார். "நீ அப்படி எழுதினா உன் ஃபைல்ல அது சாகற வரைக்கும் இருக்கும். பொம்மனாட்டியை ஃபீல்டுக்கு அனுப்பாதேன்னு சொன்னவா எல்லாம், பாத்தியா பாத்தியான்னு என்னைத்தான் கேப்பா. உனக்குப் பின்னாடி ஒருத்தியையும் அனுப்ப விடமாட்டா. யோசிச்சுக்கோ."

பஸ்ஸில் மோதி பாக் வீட்டுக்குப் போய்ச் சேரும் வரை அதையே யோசித்தேன். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் எனக்கு எரிந்தது.

என் வீட்டுக்காரர் வேறொரு அமைச்சகத்தில் கிளார்க். திருநெல்வேலியை விட்டு வந்து பத்து வருடம் ஆகியும் ஒரு சொல் மாறாத மனிதர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அங்க ஒரு கக்கூஸ் கூட இல்லங்கியே, அதனாலதான போனே? அத எழுதிருட்டி. உன் மேல தப்பு வராதுல்லா" என்றார்.

"எழுதுனா என்ன சொல்லுவாவ தெரியுமா? பொம்பளைக்குக் கக்கூஸ் வேணும், ஆம்பளைக்கு வேண்டாம், அப்ப ஆம்பளையவே அனுப்புன்னு சொல்லுவாவ. கக்கூஸ் கட்ட மாட்டாவ."

"அப்ப என்ன எழுதப் போறே?"

"பாக்காம போட்டேன்னு."

"வேலைய விட்டுத் தூக்கிருவாவளோ?"

"தெரியாது."

"சரி, எழுது" என்றார். மறுநாள் தன் அலுவலகத்திலிருந்து நாலு கார்பன் தாள் கொண்டு வந்து கொடுத்தார்.

கடிதம் நாலு வரிதான். நாலாம் துளையை நேரில் பார்க்காமல் கையெழுத்திட்டேன். அந்த அடி எண்ணிக்கையும் தண்ணீர் மட்டமும் நான் எழுதியது தவறு. என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். அது நிரப்பிய நிலம், தாங்கல் இல்லாமல் அங்கே பள்ளம் வெட்டக்கூடாது. காரணம் எதுவும் எழுதவில்லை. தண்ணீர் பற்றி யார் சொன்னார் என்ற இடத்தில் 'பச்சையம்மா, தண்ணீர் ஊற்றுபவர்' என்று எழுதினேன். டைப்பிஸ்ட் அதை அடித்துவிட்டு 'கூலியாள்' என்று மாற்றினார். நான் பேனாவால் மறுபடி பெயரை எழுதினேன்.

கடிதம் மேஜைக்கு மேஜை நகர்ந்தது. யாரும் பதில் எழுதவில்லை. பதில் எழுதினால் படித்ததாக ஆகிவிடும் அல்லவா! அதற்குள் பள்ளம் வெட்டும் கான்டிராக்டர் களத்துக்கு வந்துவிட்டார். நாலாம் துளையிலிருந்து முக்காலியை எடுங்கள், அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. இருந்தது ஒரு விதி மட்டும். ஒரு துளை முடிந்தது என்று களப் பொறுப்பாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் முக்காலியை நகர்த்தலாம். நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். ஆகவே நாலாம் துளை முடியவில்லை. முடியாத துளையின் மேல் முக்காலி நிற்கும்.

"எப்போது முடியும்?" என்று கேட்டார் கான்டிராக்டர்.

"மண் கஷ்டமாக இருக்கிறது" என்றேன். நாலு அடியில் இறங்குகிற மண்!

மடக்கு நாற்காலியைப் போட்டு முக்காலிக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பல்பீர் துளையை ஒரு நாளைக்கு ஒரு ஜாண் ஆழப்படுத்தினார். இருபது வருட வேலையில் அவர் அவ்வளவு மெதுவாக உழைத்ததே இல்லை. அதிகாரி ஆள் அனுப்பினார், முக்காலியை எடு என்று. "எழுத்துல குடுக்கச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பினேன். எழுத்தில் வரவில்லை. இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாயால் வருகிற உத்தரவை எழுத்தில் கேட்டால், பாதி உத்தரவுகள் வழியிலேயே செத்துப்போகும்.

நடுவில் முனிர்கா போய் வர வேண்டிய நேரத்துக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பச்சையம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் முக்காலியின் மூன்று காலுக்கும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். பிறகு அவர்களே தங்கள் குடிசைகளுக்குப் பின்னால் சாக்குத் திரை கட்டி எனக்கு ஒரு மறைப்பும் செய்து கொடுத்தார்கள். இத்தனை பெரிய அரசாங்கம் செய்து தராததை நாலு கூலிக்காரப் பெண்கள் ஒரு மத்தியான வேளையில் செய்தார்கள்.

கான்டிராக்டர் சும்மா இருக்கவில்லை. முக்காலியை விட்டுப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி வெட்ட ஆரம்பித்தார். அதுவும் குளத்துக்குள்தான். ஏழுமலையின் கூட்டம் இடுப்பளவு வெட்டியது, கறுப்பு மண் வந்ததும் மேலே ஏறிவிட்டது. பலகை கேட்டார்கள். ரிப்போர்ட்டில் கெட்டி மண் என்று இருக்கிறதே என்று கத்தினார் கான்டிராக்டர்.

"அம்மா அந்தக் காயிதத்துலேர்ந்து கையெழுத்த எடுத்துட்டாங்க" என்றார் ஏழுமலை. "எடுத்த கையெழுத்த நம்பி எவன் எறங்குவான்?"

மூன்றாம் நாள் கான்டிராக்டர் பெரிய தோண்டும் எந்திரம் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து பள்ளத்தை மூன்று மீட்டருக்கு நேர்ச்சுவராக இறக்கிவிட்டார். அடியைச் சமன் செய்ய ஆள் இறங்க வேண்டும். இரண்டு நாள் மழை. வடக்கே ஜனவரியில் பெய்யுமே, விடாத சன்ன மழை, அது. ஆறாம் நாள் காலை மழை விட்டதும் ஒரு லாரி வந்தது. புது ஆட்கள். எங்கிருந்தோ அன்றுதான் டெல்லியில் வந்து இறங்கியவர்கள், கையில் மண்வெட்டியோடு. அவர்கள் பேசுவது பல்பீருக்கே பாதிதான் புரிந்தது. கான்டிராக்டர் ஏணியைப் பள்ளத்தில் வைத்துவிட்டார்.

எனக்கு இருந்தது சில நிமிடம். விளக்கப் பாஷை இல்லை. குறுக்கே விழுந்து தடுக்கலாம், பைத்தியம் என்று தூக்கி ஓரமாக வைப்பார்கள். துளைக்குள் இறக்கும் நீளமான இரும்புக் கம்பி பக்கத்தில் கிடந்தது, இரண்டு ஆள் உயரம். பல்பீரையும் ஏழுமலையையும் கூப்பிட்டேன். மூன்று பேருமாகத் தூக்கி வந்து, பள்ளத்தின் விளிம்பிலிருந்து நாலு தப்படி தள்ளி, அந்தப் புது ஆட்களின் கண் முன்னால் நட்டமாக நிறுத்தினோம்.

"விடுங்க" என்றேன்.

விட்டோம். யாரும் அடிக்கவில்லை, யாரும் அழுத்தவில்லை. கம்பி தன் பாரத்திலேயே சொருகிக்கொண்டு கீழே போனது. என் தோள் உயரம் வரை வெளியே நின்றது, மிச்சமெல்லாம் மண்ணுக்குள்.

ஏணியில் ஒரு கால் வைத்திருந்தவன் அந்தக் காலை எடுத்துவிட்டான். மண்ணில் பிழைக்கிறவர்களுக்கு மண்ணைக் காட்டினால் போதும். கான்டிராக்டர் என்னைப் பார்த்துச் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. ஒருத்தரும் இறங்கவில்லை. மழை மறுபடி பிடித்தது. எல்லோரும் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கினோம்.

பதினொரு மணி சுமாருக்குக் கிழக்குச் சுவர் போனது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. நனைந்த மூட்டையைக் கீழே போட்டால் வருமே, அவ்வளவுதான். பார்த்தபோது பள்ளத்தில் பாதி இல்லை. ஏணி இருந்த இடத்தில் கறுத்த சேறு மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தது. பச்சையம்மா ஏழுமலையின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள், பிடித்த கையை ரொம்ப நேரம் விடவில்லை. நான் அழுதேன். அழுததற்கு இன்றும் வெட்கப்படவில்லை.

அதிகாரி ஒரு மணி நேரத்தில் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்குவதற்கு முன்பே, "எத்தனை பேர் உள்ளே?" என்று கேட்டார். அவர் உதடு வெளுத்திருந்தது.

"யாரும் இல்ல சார்."

என் மடக்கு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மழையில் நனைந்துகொண்டே முக்காலியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "துளையை முடிச்சுக் குடு" என்றார்.

முடித்துக் கொடுத்தேன். இந்த முறை ஒவ்வொரு அடியையும் பக்கத்தில் நின்று எண்ணினேன். குளத்தின் எல்லையை வரைந்து கொடுத்தேன். கட்டடத்தைக் குளத்தை விட்டு நகர்த்தினார்கள். அடிக்கல் விழா தள்ளிப்போனது, அதனால் யாருக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அந்த வருடம் என் வேலை பற்றிய ரகசிய அறிக்கையில் அதிகாரி ஒரு வரி எழுதினார்: 'நேரில் சரிபார்க்காமல் கையெழுத்திடுபவர்.' பதவி உயர்வு எனக்குப் பல வருடம் தள்ளிப்போனது. மேல்முறையீடு செய் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். செய்யவில்லை. அந்த வரி உண்மை. உண்மையை அழிக்கச் சொல்லி மனுப் போட்டால் அப்புறம் எந்த முகத்தோடு லாக் ஷீட் எழுதுவது? என் கோபம் வேறு இடத்தில் இருந்தது. அதே அறிக்கையில் முக்காலியைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை.

ஆனால் அவர் பயந்தபடி நடக்கவில்லை. எனக்கு அடுத்து களத்துக்கு ஒரு பெண் போனாள். அவளுக்கு முன்னால், அவளுக்கான கழிப்பறைத் தடுப்பு போய் இறங்கியது. அது இல்லாமல் ஜீப்பை எடுக்க விடமாட்டேன் என்று நான் ஜீப் முன்னால் நின்றேன். அந்த உத்தரவையும் எழுத்தில்தான் வாங்கினேன்.

ஐந்தாம் துளை ஆரம்பித்த அன்று பச்சையம்மா டின்னோடு வந்து நின்றாள்.

"ஊத்தட்டுங்களா அம்மா?"

"இரு. எத்தனை டின் ஊத்துற, எப்ப ஊத்துறன்னு ஒவ்வொரு தடவையும் எனக்குச் சொல்லணும்."

"எதுக்குங்க?"

"எழுதி வைக்க."

அவள் சிரித்தாள். "ஊத்துற தண்ணிய எழுதுறதுக்கு ஒரு காயிதமா?"

லாக் ஷீட்டின் ஓரத்தில் ஸ்கேல் வைத்து நான் ஒரு கோடு போட்டேன். மேலே 'ஊற்றிய தண்ணீர்' என்று எழுதினேன். அடுத்த துளையிலும் எழுதினேன். அதற்கடுத்த களத்திலும் எழுதினேன். இது என்ன புதுப் பழக்கம் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கோடு போட்டு அனுப்பினேன். எட்டு வருடம் இந்தச் சண்டை நடந்தது. கடைசியில் ஃபார்மை மறுபடி அச்சடித்தபோது, கையால் கோடு போட்டுப் போட்டு வருகிற தாள்களைப் பார்த்துச் சலித்துப்போய், அச்சிலேயே அந்தக் கட்டத்தைச் சேர்த்துவிட்டார்கள்.

நீங்கள் கோடு கிழித்துவிட்டுப் போகிற கட்டம் அதுதான். 'டேஷ் போட்டுடுவாங்க' என்று சொன்ன பெண்ணே, உன்னைத்தான் சொல்கிறேன். தண்ணீரே ஊற்றவில்லை என்றால் சுழியம் எழுது. யார் ஊற்றினார்கள் என்று கேட்டு, பெயரையும் எழுது. அலுவலகத்தில் அந்தப் பெயரை அடித்துவிட்டால் திரும்ப எழுது. அடுத்த வருடமும் நான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க அங்கே வருவேன், வந்து அந்தத் தாள்களைத்தான் முதலில் புரட்டுவேன்.